நான் பார்க்காத கோல்கள்

இல்லை அக்கா, நான் இப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். பழகிப்போன விஷயம். நீங்கள் நடைபாதையைப் பார்த்து உட்காருங்கள். வார்டிலிருந்து ஆபரேசன் கட்டடத்துக்குத் தள்ளுவண்டி அந்த வழியாகத்தான் போகும். உங்கள் அப்பாவைக் கொண்டுபோனால் உங்களுக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனால் அதையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அது பெரிய உதவி.

தமிழில் கேட்டீர்கள், அதனால்தான் எனக்கு வாய் திறந்தது. நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. மோல்மேன் பக்கமா நீங்கள்? பேச்சில் தெரிகிறது. நாங்கள் இந்த ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லின். பர்மாப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் போனேன். தமிழ் எழுத்து கோயிலில் கற்றுக்கொண்டது. அதோடு சரி.

காலையில் நர்சுப் பிள்ளைகள் ஒரு கட்டிலைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்றீர்களே, அந்தக் கட்டில் அவருடையது. வீட்டில் கூப்பிடுகிற பேர் என் வாயில் வராது. பனியனில் இருந்த பேரைச் சொல்கிறேன், அது ஊரே சொன்ன பேர்தானே. செய்ன் லின். ஆமாம், அவர்தான். பர்மா ஃபுட்பால் டீமில் பத்தாம் நம்பர். முன்னால் நின்று கோல் போடுகிறவர்.

உங்களுக்கும் தெரியுமா? மலேசியாக்காரர்களுக்கு எதிராகத் தலையால் முட்டிப் போட்டாரே, அதுவா? எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். பாருங்கள், நீங்கள்கூடப் பார்த்திருக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. அவர் ஆடின ஆட்டம் ஒன்றை நான் மைதானத்தில் போய் உட்கார்ந்து பார்த்ததே ஒரு தடவைதான், அதுவும் கல்யாணமான புதிதில்.

நான் பார்த்தால் கோல் விழாது, அக்கா.

சிரிக்காதீர்கள். எல்லாரும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். அவரும்.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரங்கூனில் பெரிய மைதானத்தில் ஆட்டம். தாய்லாந்துக்காரர்களோடு. ஆட்டக்காரர்கள் பெண்சாதிகள் உட்காருகிற இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார். மற்ற பெண்களெல்லாம் கன்னத்தில் தனாக்காப் பட்டைச் சாந்து பூசிக்கொண்டு சாதாரணமாக வந்திருந்தார்கள். நான் ஒருத்திதான் கூறைப்புடவையும் தலை நிறையப் பூவுமாக. வெட்கத்தில் தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் நம்மவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்துவிட்டு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் என் முகத்தை நிமிர்த்திவிட்டாள். நானும் பார்த்தேன். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. அத்தனை பெரிய மைதானம், ஒரு சத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, அவர் அம்மா, என் தட்டில் சோற்றைப் போட்டபடி சொன்னார்கள்: "வந்து எட்டு நாள் ஆவல, எம்புள்ள காலக் கட்டிட்டா."

அவர் சிரித்துக்கொண்டே, "ஏம்மா, கால் என்னுது, தப்பா அடிச்சது நானு. அவ கண்ணு என்னாம்மா பண்ணும்?" என்றார்.

"நீ அவளப் பாத்த. பந்தப் பாக்கல. அதத்தான் சொல்றேன்."

அடுத்த ஆட்டத்துக்கு நான் போகவில்லை. இரண்டு கோல் போட்டார். அதோடு முடிந்தது. அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்?

அத்தை மேல் எனக்கு வருத்தம் இல்லை. கண்ணை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு வயித்தெரிச்சல்ல சொன்னதுடி செவந்தி, நீ அதப் போயி இவ்ளோ நாளா கட்டிக்கிட்டு அழுவுறியே" என்று சொன்னார்கள். சாகப் போகிறவர்கள் எல்லாருக்கும் நல்லதாகத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆட்டக்காரர்கள் வீட்டில் இதெல்லாம் உண்டு, அக்கா. அவர்கள் கோச்சு, ஜெயித்த அன்றைக்குக் கட்டியிருந்த லுங்கியைத் தோற்கிற வரைக்கும் மாற்ற மாட்டார். கோல் காக்கிற பையன் கம்பத்துக்கு அடியில் ஒரு வெற்றிலையைச் செருகிவிட்டுத்தான் நிற்பான். மைதானத்து 'நாட்' சாமிக்கு, அதுதான் அந்த இடத்துக் காவல் தெய்வம், தேங்காயும் வாழைப்பழமும் படைத்த பிறகுதான் பந்தையே எடுப்பார்கள். எங்கள் வீட்டில் முனீஸ்வரர் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் அவர் பூட்சுக்குள் இருக்கும். இத்தனை பேர் இத்தனை செய்கிறபோது, நான் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒரு பெரிய காரியமா?

எங்கள் தெருவில் நல்ல டிவி எங்கள் வீட்டில்தான். ஆட்டம் என்றால் தெருவே வந்து பலகைத் தரையில் உட்கார்ந்துவிடும். நான் பருப்பு வடை சுட்டு, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஆட்டம் ஆரம்பிக்கும்போது அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். அது என் இடம்.

பார்க்கவில்லையே தவிர, எனக்கு எல்லாம் தெரியும். பந்து அவர் காலுக்கு வந்தால் ஆம்பிளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், வீட்டில் ஆளே இல்லாத மாதிரி ஆகிவிடும். பந்து வெளியே போய்விட்டால் "ஆ" என்று சத்தம் கீழே இறங்கும். கோல் என்றால் முதலில் சத்தம் வராது. முதலில் பலகை அதிரும். நான் உட்காரும் இடத்தில் அதிரும், தட்டெல்லாம் நடுங்கும், அப்புறம்தான் சத்தம் வரும். அவர் போட்ட கோலெல்லாம் எனக்கு உடம்பில் தெரியும், அக்கா. பார்த்தவர்களுக்குக்கூட அப்படித் தெரிந்திருக்காது.

இரு மீமீ, காதை இழுக்காதே. என் மகள், அக்கா. பசி இல்லை, தூக்கம்.

அவர் வெளிநாடு போகும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வாங்கிவருவார். சிங்கப்பூரிலிருந்து கண்மை. வியட்நாமிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி, பெரிய கண்ணாடி, பாதி முகத்தை மூடும். "இதப் போட்டுக்கிட்டுப் பாரு செவந்தி. கண்ணு நேரா படாதுல்ல?" என்றார். நான் முடியாது என்றேன். இன்னொரு தடவை ஒரு சின்னக் கண்ணாடி, முகம் பார்க்கிறது, வாங்கிவந்து, "டிவிக்கு முதுகக் காட்டி உக்காந்து இதுல பாரு. டிவியவா பாக்குற? கண்ணாடியத்தான பாக்குற?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஆட்டக்காரருக்கு விளையாட்டுப் புத்தி போகாது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் அப்படியே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, பிரிக்காத காகிதத்தோடு.

பக்கத்து வீட்டு அமீனாதான் எனக்கு ஒரே சிநேகிதி. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஆட்டம் முடிந்ததும் அடுப்படிக்கு ஓடிவந்து எப்படிப் போட்டார் என்று அவள்தான் நடித்துக்காட்டுவாள். பந்து மாதிரி ஒரு வெங்காயம். ஒருநாள் சொன்னாள்: "உன் மாப்ள கோல் போட்டதும் என்ன செய்றாரு தெரியுமாடி? ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிறாரு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் வாயால் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, "எல்லாம் மூடத்தனம்" என்றுதான் சொல்வார். மனசுக்குள் தெரிந்துதானே வைத்திருக்கிறார். அத்தனை பேர் நடுவில், நீ கண்ணை மூடிக்கொண்டதால்தான் விழுந்தது என்று எனக்குச் சொல்கிறார். அவளிடமும் அப்படியே சொன்னேன்.

"போடி லூசு," என்றாள் அமீனா. "பொத்திக்கிட்டா நிக்கிறாரு? அப்புறம் கைய எடுத்துட்டு, பொம்பளைங்க உக்காந்திருக்கிற பக்கமாக் காட்டுறாரு. பிள்ளைங்களுக்கு வெளாட்டுக் காட்டுவோம்ல, பொத்திப் பொத்தித் தொறந்து? அந்த மாதிரி. பாரு பாருன்னு கூப்புடுறாரு உன்ன."

"நான்தான் அங்க இல்லையே. இல்லாத ஆளையா கூப்பிடுவாங்க? பந்து கொடுத்தவங்களக் காட்டியிருப்பாரு."

"பந்து கொடுத்தவன் பொம்பளைங்க பக்கமா உக்காந்திருக்கான்?"

அவளுக்கு எதையும் கிண்டல் செய்யவேண்டும். பேப்பரில் அந்தப் படம் வரும். கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிற படம்தான் வரும், கையை எடுத்த படம் ஒருநாளும் வந்ததில்லை. பேப்பர்க்காரர்களுக்குத் தெரியாதா எது முக்கியம் என்று?

நான் தப்பு செய்தது ஒரே ஒரு தடவை. அதுவும் வேண்டுமென்று இல்லை. நல்ல மழை. ஆட்டத்துக்கு நடுவில் எங்கள் தெருவில் கரண்டு போய்விட்டது. எல்லாரும் ஜெனரேட்டர் இருக்கிற டீக்கடைக்கு ஓடினார்கள். அத்தைக்கு மூச்சிரைப்பு, மருந்து வாங்கப் போக வேண்டும். போகிற வழி அந்த டீக்கடைதான். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் போனேன். யாரோ இடித்ததில் குடை சரிந்துவிட்டது. டிவி நேரே எதிரில்.

பார்த்துவிட்டேன்.

பச்சையாகத் தரை. அவர் ஓடுகிறார். அவர் என்று நான் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, ஓடும்போது வலது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார், மாடிப்படி ஏறும்போதும் அப்படித்தான். இடது கால் லேசாகத்தான் போய்ப் பட்டது. நாம் ஈரத் துணியை உதறுகிற மாதிரி அவ்வளவுதான். வலை ஆடியது. நான் குடையைக் கீழே இறக்கிவிட்டேன். அந்த டீக்கடை மண் தரை, அதிரவே இல்லை, அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. மழையில் நின்றுகொண்டு என்னமோ அழுதேன். இவ்வளவு அழகான மனுசன் கூடவா நான் குடித்தனம் பண்ணுகிறேன் என்று இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அங்கே அவர் முழங்கால் பிசகிவிட்டது. அதே இடது கால். தனியாக ஓடும்போது, யாரும் தொடாமலே விழுந்தாராம். சேறு என்றார்கள்.

"கோலும் நீ பாத்ததுதானேடி? அத ஏன் கணக்குல சேக்க மாட்டேங்குற?" என்று அமீனா சண்டை பிடித்தாள்.

கோல் நான் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, அக்கா. கால் பந்தில் பட்ட பிறகுதான் என் கண் பட்டது. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். நிறையத் தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் ஆபரேசன், உள்ளே இரும்புத் தகடு. திரும்ப ஆடவந்தார். ஆனால் பழைய ஓட்டம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பலகை அதிர்வதும் குறைந்துபோச்சு. நான் தண்ணீர்ப் பானைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். கடைசி வருசங்களில் கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வேன். அதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவருக்காகவே ஒரு ஆட்டம் வைத்தார்கள், விடை கொடுக்கிற ஆட்டம். பெண்சாதிமாரும் மைதானத்துக்குள் வந்து மாலை போடவேண்டும் என்று ஏற்பாடு. முதல்நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி சொன்னார்:

"நாளைக்குக் கடைசி. கோல் வேணாம் எனக்கு. பத்து கோல் வாங்கித் தோத்தாலும் சரி. நீ வந்து உக்காரு. அந்த சீட்டுல ஆள் இருந்தாப் போதும்."

நான் சரி என்று சொன்னேன். அவர் கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. கூறைப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன், அமீனாவோடு படகில் போனேன். மைதானத்து வாசல் வரைக்கும் போனேன். அங்கே கால் நின்றுவிட்டது. கடைசி ஆட்டம், அக்கா. ஊர் முழுக்க வந்திருக்கிறது. இத்தனை வருசம் காப்பாற்றிக் கொடுத்ததை அன்றைக்கு ஒருநாள் ஆசைக்காக நானே கெடுப்பதா? அமீனா உள்ளே போனாள். நான் வெளிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சுவர் அதிர்ந்தது. நெற்றியில் அதிர்ந்தது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கடைசி ஆட்டத்திலும் கோல். நான் அவருக்குக் கொடுத்த சீதனம் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன கொண்டுவந்தேன் நான்?

அமீனா வெளியே வந்தாள். படகு பாதி ஆறு வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள். "கண்ணப் பொத்தித் தொறந்தாரு. உன் சீட்டக் காட்டுனாரு. காட்டுன கைய எறக்கவே இல்ல. மத்தவங்க வந்து தூக்கிக்கிட்டுப் போற வரைக்கும் எறக்கவே இல்லடி." அதை அவள் ஏன் அழுதுகொண்டு சொன்னாள் என்று தெரியவில்லை. சந்தோசத்தில் சில பேர் அழுவார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார். கால் வலி இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தார். இவள் பிறந்தாள். இவளோடுதான் அவருக்கு விளையாட்டு. தொட்டிலுக்குக் குனிந்து கண்ணைப் பொத்திக்கொள்வார், திறப்பார், இவள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். சர்க்கரை வியாதி வந்தது. காலில் முள் குத்தினது தெரியவில்லை, அது புண்ணாகி மேலே ஏறி, அந்தத் தகடு இருக்கிற இடம் வரைக்கும் போய்விட்டது. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆமாம், இடது கால். இன்றைக்குத்தான்.

சேர்த்த அன்றைக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டை அவிழ்த்து டாக்டர் காட்டினார், நானும் பார்த்தேன். மறுநாள் ஜுரம் ஏறிவிட்டது. அதோடு நான் போகவில்லை. பிள்ளையைக் கொழுந்தன் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவான், நான் இங்கே இந்தச் சுவரோடு இருக்கிறேன். இரண்டு நாளாக ஜுரம் இறங்கியிருக்கிறது, தெரியுமா? டாக்டருக்கே ஆச்சரியம். கடைசி நிமிசத்தில் வேண்டாம் என்று விட்டுவிட மாட்டார்களா? பந்து உள்ளே போகாது போகாது என்று இருந்து கடைசியில் போவது இல்லையா? அந்த மாதிரி.

நேற்று கொழுந்தன் வந்து சொன்னான்: "அண்ணன் சொல்லச் சொன்னாரு அண்ணி. நாளைக்கு இந்தக் கால் இருக்காதாம். இருக்கும்போது ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவச் சொன்னாரு. உங்களுக்காகத்தான் இவ்வளவு நாள் ஆடுனதாம் அந்தக் காலு." சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

நீங்களும் போகச் சொல்கிறீர்கள். வலியில் இருக்கிறவருக்கு நல்லது கெட்டது தெரியாது, அக்கா. கேட்கத்தான் செய்வார். நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

சக்கரச் சத்தம் கேட்கிறதே. யார்? நீல லுங்கி கட்டின பையன் கூட வருகிறானா? அது என் கொழுந்தன். அப்படியென்றால் அவர்தான். இல்லை, நான் திரும்ப மாட்டேன். நீங்கள் பாருங்கள். எனக்காகப் பாருங்கள். இளைத்திருக்கிறாரா? போர்வை போட்டிருக்கிறார்களா? கால் மேல் போர்வை வேண்டாம் என்று தள்ளிவிட்டிருக்கிறாரா? வலி இருக்கும், அதனால்தான்.

ஏன் வண்டி நிற்கிறது?

நம் பக்கம் பார்க்கிறாரா. கையைத் தூக்குகிறாரா. கண்ணைப் பொத்திக்கொள்கிறாரா? பார்த்தீர்களா அக்கா, நான் சொன்னேனே. பார்க்காதே என்கிறார். இத்தனை வருசம் நான் நினைத்தது சரிதான்.

இவளுக்கு என்ன ஆச்சு? தூங்குகிறாள் என்றல்லவா இருந்தேன். என் தோளில் இவள் வயிறு குலுங்குகிறது. முதலில் குலுங்குகிறது, அப்புறம்தான் சத்தம் வருகிறது. எதற்குச் சிரிக்கிறாள், அக்கா?

கையை எடுத்துவிட்டாரா. எங்கே காட்டுகிறார்? பிள்ளையைக் காட்டுவார். இல்லையா? வேறு யாரைக் காட்டப்போகிறார், இங்கே நானும் நீங்களும் பிள்ளையும்தான்.

இன்னும் கையை இறக்கவில்லையா?

அக்கா, ஒரு உதவி செய்யுங்கள். அந்தக் கதவு மூடுவதற்கு முன்னால் ஓடிப்போய் அவரிடம் சொல்லுங்கள். அவள் இங்கேதான் இருக்கிறாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.